மூடும் நாளை முதலில் எழுதுங்கள்

வீட்டுக்குள் ஆயிரம் கேலன் கடல்நீரை நிறுத்தி அதில் பவளம் வளர்க்க வேண்டும் என்பது இப்போது அமெரிக்காவில் வசதியாகக் குடியேறிவிட்ட நம்மவர்கள் சிலருக்கும் கனவாகியிருக்கிறது. பன்னிரண்டு ஆண்டுகளாக 280 லிட்டர் பவளத் தொட்டி ஒன்றை வைத்திருப்பவன் என்பதால், கடந்த சில ஆண்டுகளில் நான்கைந்து பேர் தங்கள் திட்டங்களை என்னிடம் கொண்டுவந்து காட்டியிருக்கிறார்கள். நேர்த்தியான திட்டங்கள். கண்ணாடியின் தடிமன், பம்புகளின் விசை, விளக்குகளின் நிறமாலை, கீழ்த்தளத்தில் சம்ப் வைக்கும் அறையின் வரைபடம் என எல்லாம் இருக்கும். கணினித் துறையில் இருப்பவர்கள் என்றால் உப்பின் அடர்த்தியைக் கைப்பேசியில் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடுவரை இருக்கும்.

எல்லாத் திட்டங்களும் ஒரே இடத்தில் முடிகின்றன: தண்ணீர் நிரப்பும் நாள். மிஞ்சிப்போனால் முதல் மீன்கள் வரும் நாள். அதற்குப் பிறகு தாளில் எதுவும் இல்லை. "அப்புறம் என்னங்க, சந்தோஷமா பார்த்துக்கிட்டு இருக்க வேண்டியதுதான்" என்றார் ஒருவர்.

என் வழக்கு இதுதான். மிகப் பெரிய பவளத் தொட்டி என்பது அளவில் மட்டும் பெரிதான மீன்தொட்டி கிடையாது. அது ஒரு நிறுவனம். நிறுவனத்துக்குரிய ஆள், பணம், தொடர்ச்சி மூன்றும் இல்லாமல் ஒரு குடும்பத்தின் கூடத்தில் அதை நிறுவுகிறோம். அதில் வாழப்போகிற உயிர்களில் பல, நாம் அந்த வீட்டில் இருக்கப்போகும் காலத்தைவிட நீண்ட ஆயுள் உடையவை. ஆகவே அதைத் திட்டமிடுபவர் முதலில் எழுத வேண்டியது அந்தத் தொட்டி மூடப்படும் விதத்தை. அதை எழுத முடியாதவர் கண்ணாடி வாங்கக் கூடாது.

நாலாயிரம் லிட்டர் என்றால்

பேச்சுக்கு ஒரு தொட்டியை எடுத்துக்கொள்வோம். 10 அடி நீளம், 4 அடி அகலம், மூன்றரை அடி உயரம். ஏறக்குறைய 4,000 லிட்டர். கடல்நீர் நன்னீரைவிடக் கனமானது என்பதால் தண்ணீர் மட்டுமே 4,100 கிலோ. பாறை, மணல், கண்ணாடி, இரும்புச் சட்டம் சேர்த்தால் ஐந்து டன்னைத் தாண்டும். அமெரிக்க வீடுகளின் மரத் தளங்கள் பொதுவாகச் சதுர அடிக்கு 40 பவுண்டு சுமைக்கு வடிவமைக்கப்படுகின்றன. இந்தத் தொட்டியின் தண்ணீர் மட்டும் சதுர அடிக்கு 225 பவுண்டு அழுத்தும். ஆகவே தரையோடு ஒட்டிய கான்கிரீட் தளம் வேண்டும், அல்லது அடியில் தூண் கொடுக்க வேண்டும். இதுவரைக்கும் எல்லோரும் கணக்குப் போட்டிருப்பார்கள். ஏனென்றால் இது ஒரு தடவை செலவழித்தால் முடிகிற விஷயம்.

முடியாத கணக்குகள் இதற்குப் பிறகு வருகின்றன. முதல் தடவை நிரப்ப சுமார் 145 கிலோ உப்பு. குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்ற முடியாது, ஆர்.ஓ. முறையில் சுத்திகரிக்க வேண்டும். வழக்கமான இயந்திரம் ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு மூன்று லிட்டரைக் கழிவாகத் தள்ளும். முதல் நிரப்பலுக்கே 12,000 லிட்டர் சாக்கடைக்குப் போகிறது. மாதம் பத்து சதவீதம் தண்ணீர் மாற்றினால் 400 லிட்டர், 14 கிலோ உப்பு, ஒவ்வொரு மாதமும். தொட்டியிலிருந்து தினமும் பத்து இருபது லிட்டர் ஆவியாகிறது. ஆவியானது எங்கே போகும்? வீட்டுக்குள்தான். குளிர்காலத்தில் ஜன்னலை இறுக்க மூடிவைக்கும் ஊரில், அந்த ஈரம் சுவருக்குள் புகுந்து பூஞ்சணமாகக் கறுக்கும். அதற்குத் தனியாகக் காற்றோட்ட இயந்திரம் வைக்க வேண்டும்.

மின்சாரம். விளக்குகள் 1,200 வாட் வீதம் பத்து மணி நேரம் என்றால் 12 யூனிட். பம்புகள், நுரையைப் பிரிக்கும் ஸ்கிம்மர் எல்லாம் சேர்ந்து 500 வாட் வீதம் இருபத்துநாலு மணி நேரமும் ஓடினால் இன்னொரு 12. சூடேற்றி, குளிரூட்டி, காற்றோட்டம் என்று 6. ஆக நாளொன்றுக்கு 30 யூனிட், ஆண்டுக்கு ஏறக்குறைய 11,000. சராசரி அமெரிக்க வீடு ஒன்று ஓராண்டில் செலவழிக்கும் மின்சாரமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். கூடத்தில் தொட்டி வைக்கிறீர்கள் என்று நினைக்கிறீர்கள். இன்னொரு வீட்டைக் குடிவைக்கிறீர்கள்.

பிறகு சுண்ணாம்பு. கல் பவளங்கள் நீரிலிருந்து கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்துத் தங்கள் எலும்புக்கூட்டைக் கட்டுகின்றன. அதனால் நீரின் காரத்தன்மை தினமும் குறையும். பவளம் நிறைந்த தொட்டியில் நாளொன்றுக்கு ஒரு டிகிரி குறைவது சாதாரணம். அதைக் கணக்கிட்டால் 4,000 லிட்டரில் தினமும் 70 கிராம் சுண்ணாம்புக்கல் உருவாகிறது. ஆண்டுக்கு 26 கிலோ. எவ்வளவு எடுக்கிறதோ அவ்வளவையும் நாம் திருப்பிக் கரைத்துவிட வேண்டும். அளவு தவறினால் பவளத்தின் சதை நுனியிலிருந்து உரியத் தொடங்கும். கருவி தானாகச் செய்துவிடும் என்பார்கள். உண்மைதான். அந்தக் கருவி சரியாகச் செய்கிறதா என்று பார்க்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் தீபாவளிக்கு ஊருக்குப் போக முடியாது.

ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில் நகரில் 1987இல் இருபத்தைந்து லட்சம் லிட்டர் பவளத் தொட்டி ஒன்று பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. நெதர்லாந்தின் ஆர்னெம் நகர விலங்குக்காட்சி சாலையில் ஏழரை லட்சம் லிட்டரில் ஒன்று இருக்கிறது. நியூயார்க் லாங் ஐலண்டின் ரிவர்ஹெட்டில் 20,000 கேலன் தொட்டி. இவற்றை வளர்த்தவர்கள் வாழ்நாளையே அதில் போட்டவர்கள். ஆனால் அவர்களுக்கு விடுமுறை உண்டு. அவர் விடுமுறையில் போனால் அடுத்தவர் வருவார். விலங்கு மருத்துவர் உண்டு, ஜெனரேட்டர் உண்டு, இரவுக் காவல் உண்டு, நுழைவுச்சீட்டு வருமானம் உண்டு. நம் வீட்டில் உங்களுக்கு அடுத்தவர் யார்? உங்கள் மனைவியா? அவரைக் கேட்டீர்களா? நான் பார்த்த திட்டங்கள் எதிலும் அவர் பெயர் இல்லை. ஆனால் நீங்கள் வெளியூரில் இருக்கும் நாளில் பம்பு நின்றால் ஓடப்போகிறவர் அவர்தான்.

"பெருசா வச்சா நிம்மதி"

பெரிய தொட்டிக்காகச் சொல்லப்படும் முதல் நியாயம் இது. "சின்ன தொட்டிதான் சார் கஷ்டம், தண்ணி கம்மி, டக்குனு எல்லாம் மாறிடும். பெருசா வச்சா எல்லாமே மெதுவாத்தான் மாறும், நிம்மதியா இருக்கலாம்." இதில் பாதி உண்மை. நீர் அதிகமானால் வெப்பம் மெதுவாக மாறும். ஒரு நத்தை செத்து அழுகினால் அதன் நஞ்சு நீர்த்துப்போகும். பத்து லிட்டருக்கும் நூறு லிட்டருக்கும் இடையில் இந்த வேறுபாடு மிகப் பெரிது. ஆனால் முன்னூறு லிட்டரைத் தாண்டிய பிறகு இந்த லாபம் சுருங்கிக்கொண்டே போகிறது. நட்டம் மட்டும் வளர்கிறது.

நோய் வந்தால் என்ன செய்வீர்கள்? கடல் மீன்களைத் தாக்கும் வெள்ளைப்புள்ளி நோய்க்குத் தாமிரம் பழைய மருந்து. ஆனால் தாமிரம் பவளத்தையும் இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும். ஆகவே மீனைப் பிடித்து வேறு தொட்டிக்கு மாற்றித்தான் மருந்திட வேண்டும். என் 280 லிட்டரில் ஒரு மீனைப் பிடிக்க அரை நாள் போகும். நாலாயிரம் லிட்டரில், ஒரு டன் பாறைக்குள் நூறு பொந்துகள் இருக்கும் இடத்தில், நாற்பது மீனை எப்படிப் பிடிப்பீர்கள்? பாறையையெல்லாம் கலைக்க வேண்டும். பாறைமேல் பவளம் ஒட்டி வளர்ந்திருக்கிறது. ஆகவே பிடிக்க மாட்டீர்கள். பார்த்துக்கொண்டிருப்பீர்கள். பெரிய தொட்டியில் கேடு மெதுவாக வருகிறது என்பது சரி. மருந்தும் அதே மெதுவாகத்தான் வரும், பல சமயம் வரவே வராது.

மின்வெட்டு இன்னொன்று. பம்பு நின்றால் நீர்ப்பரப்பு அசையாது. அசையாத நீரில் பிராணவாயு கரைவது குறைந்துவிடும். நிறைய மீன் உள்ள தொட்டியில் சில மணி நேரத்தில் மூச்சுத்திணறல் தொடங்கும். என் தொட்டிக்கு பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்று போதும். நாலாயிரம் லிட்டருக்கு ஜெனரேட்டர் வேண்டும். பனிப்புயலில் மூன்று நாள் மின்சாரம் இல்லாமல் போகிற ஊர்களில் இருந்துகொண்டு, ஜெனரேட்டரை "பிறகு பார்த்துக்கலாம்" பட்டியலில் வைத்த திட்டத்தைப் பார்த்திருக்கிறேன். கண்ணாடிக்கு மட்டும் அந்தப் பட்டியலில் இடமில்லை.

நிறுவனங்களிடமும் விபத்து நடக்கும். 2022 டிசம்பர் 16 அதிகாலையில் பெர்லின் ஓட்டல் ஒன்றின் முற்றத்தில் நின்ற உருளைவடிவ அக்ரிலிக் தொட்டி வெடித்தது. பத்து லட்சம் லிட்டர் தண்ணீர், சுமார் 1,500 மீன்கள். பெரும்பாலானவை செத்தன. விடியுமுன் நடந்ததால் மனித உயிர் தப்பியது. அத்தனை பொறியாளர்கள் கைபட்ட தொட்டிக்கே அப்படி என்றால், கூடத்தில் குழந்தை விளையாடுகிற வீட்டில் ஐந்து டன்னை நிறுத்துகிறவருக்கு நிம்மதி என்ற சொல் எங்கிருந்து வருகிறது என்று எனக்கு விளங்கவில்லை.

அளவு மீனைத் தீர்மானிக்கிறது

யாரும் பேசாத விஷயம் ஒன்று உண்டு. தொட்டியின் அளவுதான் அதில் எந்த மீன் வரும் என்பதைத் தீர்மானிக்கிறது. எந்த மீன் என்பதே அது எங்கிருந்து வந்தது என்பதையும் தீர்மானிக்கிறது.

கடைகளில் விற்கும் நன்னீர் மீன்களில் மிகப் பெரும்பாலானவை பண்ணையில் பொரித்தவை. கொளத்தூர்ப் பக்கம் போனவர்களுக்கு இது தெரியும். கடல் மீன்கள் நேர் எதிர். அவற்றில் மிகப் பெரும்பாலான இனங்கள் இன்றும் பவளத்திட்டிலிருந்து பிடித்து வரப்படுபவை. பிலிப்பைன்ஸில் 1960களில் தொடங்கிய ஒரு பழக்கம் உண்டு: பாறைப் பொந்துக்குள் சயனைடு கரைசலைப் பீய்ச்சினால் மீன் மயங்கி வெளியே வரும். மயங்கிய மீன் பெட்டியில் ஏறும். கரைசல் பட்ட பவளம் அங்கேயே சாகும். சட்டப்படி தடைதான். தடை எவ்வளவு தூரம் கடலுக்குள் போகும் என்பதை மன்னார் வளைகுடாக் கரையில் பிறந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பண்ணையில் பொரிக்க முடிந்த கடல் மீன்கள் எவை? கோமாளி மீன், கோபி, டாட்டிபேக், பங்காய் கார்டினல் போன்றவை. எல்லாம் விரல் நீளம். சிறிய தொட்டியில் நிறைவாக வாழக்கூடியவை. பங்காய் கார்டினல் இந்தோனேசியாவின் பங்காய்த் தீவுகளில் மட்டுமே இயற்கையாக வாழ்ந்த மீன். அலங்கார மீன் வணிகத்துக்காக அள்ளியதில் 2007இல் அழியும் ஆபத்தில் உள்ள இனங்களின் பட்டியலுக்குப் போய்விட்டது. அதன் ஆண் முட்டைகளை வாயில் வைத்துக் காக்கும். வீட்டுத் தொட்டியில் அதைப் பெருக்குவது அவ்வளவு கடினமில்லை. ஆக, இந்த மீனுக்கு நல்லது செய்ய நினைப்பவருக்கு நூறு லிட்டர் போதும்.

ஆனால் பத்தடி நீளத் தொட்டியில் விரல் நீள மீனை யார் பார்ப்பார்கள்? அங்கே கூட்டமாகத் திரியும் சர்ஜன் மீன்கள் வேண்டும், பெரிய ஏஞ்சல் மீன் வேண்டும், ஐம்பது ஆந்தியாஸ் ஒரே திசையில் திரும்ப வேண்டும். இவற்றில் பல முட்டையைத் திறந்த நீரில் உதிர்ப்பவை. அவற்றின் குஞ்சு கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிரிகளைத் தின்று வாரக்கணக்கில் கடலில் அலைய வேண்டும். மஞ்சள் டாங் மீனை முதன்முதலாகக் குஞ்சிலிருந்து வளர்த்தெடுத்ததே 2015இல்தான், ஹவாயில். நீல டாங் அடுத்த ஆண்டு, ஃப்ளோரிடாவில். இப்போது பண்ணை மஞ்சள் டாங் விலைக்குக் கிடைக்கிறது, நல்லது. மற்றவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இன்னும் கடல்தான் பண்ணை. பெரிய தொட்டியைத் திட்டமிடுபவர் கடலிலிருந்து பிடித்த மீன்களுக்கான தேவையைத் திட்டமிடுகிறார். அவர் மனத்தில் அது இல்லாமல் இருக்கலாம். அவர் வரைந்த பத்தடி நீளத்தில் அது இருக்கிறது.

காப்பாற்றுகிறோமா?

இரண்டாவது நியாயம் இன்னும் உயரத்திலிருந்து வருகிறது. "கடல் சூடாகிக்கொண்டே வருகிறது, பவளம் அழிகிறது, நாங்கள் வீட்டில் காப்பாற்றுகிறோம்." நோவாவின் பேழை மாதிரி ஒரு பெருமிதத்தோடு இதைச் சொல்வார்கள்.

பொழுதுபோக்காளர்கள் எதையும் சாதிக்கவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பவர் கடலிலிருந்து எடுத்த உயிர்ப்பாறை, காற்றுக்குமிழி, வெயில் இவற்றை மட்டும் வைத்துப் பவளங்களை வாழவைத்ததை 1961இல் எழுதினார். இன்றைய முறைகளுக்கு அது ஒரு வேர். பவளத்தைக் கிளை ஒடித்து நடுவது, ஒருவர் வளர்த்த கிளையை இன்னொருவருக்குக் கொடுப்பது ஆகியவற்றையும் வீட்டுக்காரர்கள்தான் கலையாக வளர்த்தார்கள். என் தொட்டியில் உள்ள பவளங்கள் எல்லாமே இப்படிக் கைமாறி வந்த கிளைகள். கவனியுங்கள், இவற்றில் எதற்கும் நாலாயிரம் லிட்டர் தேவைப்படவில்லை.

காப்பாற்றுவது எப்படி இருக்கும் என்பதற்கு நம் கண்முன் சான்றுகள் உண்டு. லண்டன் ஹார்னிமன் அருங்காட்சியகத்தில் ஜேமி கிராக்ஸ் என்பவரின் குழு, கடலின் பருவ வெப்பத்தையும் நிலவொளியையும் தொட்டியில் அப்படியே நகலெடுத்து, பவளங்களைக் குறித்த இரவில் முட்டையிட வைத்தது. 2014இல் மயாமி அருகே தொடங்கிய திசு அழிவு நோய் ஃப்ளோரிடாவின் பவளங்களைத் தின்றுகொண்டே போனபோது, நோய் எட்டாத இடங்களிலிருந்து பவளங்களை எடுத்து நாடு முழுவதும் உள்ள காட்சியகங்களில் வைத்துக் காத்தார்கள். 2019இல் ஃப்ளோரிடா அக்வேரியத்தில் தூண் பவளம் மனிதர் பராமரிப்பில் முட்டையிட்டது. இவற்றில் ஒவ்வொரு பவளத்துக்கும் எங்கிருந்து எடுத்தது என்ற பதிவு உண்டு. எப்போது திருப்பி வைப்பது என்ற நோக்கம் உண்டு. உங்கள் கூடத்துத் தொட்டியில் ஃபிஜிப் பவளமும் ஆஸ்திரேலியப் பவளமும் இந்தோனேசியப் பவளமும் ஒரே பாறையில் இருக்கும். எந்தத் திட்டிலிருந்து வந்தது என்று கடைக்காரருக்கே தெரியாது. அந்தப் பவளத்தை எந்தக் கடலும் திரும்ப வாங்கிக்கொள்ளாது. அழகுக்காக வைத்திருக்கிறேன் என்று சொல்லுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. காப்பாற்றுகிறேன் என்று சொல்லாதீர்கள்.

பெரிய தொட்டியே கூடாதா என்றால், கேள்வி இருக்கும் இடத்தில் கூடும். அரிசோனாவின் பயோஸ்பியர் 2 கட்டடத்துக்குள் 26 லட்சம் லிட்டரில் ஒரு செயற்கைக் கடல் இருந்தது. அங்கே கிறிஸ் லாங்டன் என்ற ஆய்வாளர் நீரின் வேதியியலை மாற்றி மாற்றிப் பார்த்து, கரியமில வாயு கூடக் கூடப் பவளம் சுண்ணாம்பு கட்டுவது குறைகிறது என்பதை அளந்து காட்டினார். அந்த அளவுக்கு அங்கே வேலை இருந்தது. கூடத்தில் சோபாவுக்கு எதிரே நிற்கும் பத்தடிக்கு விருந்தாளியைத் தவிர வேறு வேலை என்ன?

தூத்துக்குடிக்காரனாக இதில் எனக்கு ஒரு தனிக் கோபமும் உண்டு. எங்கள் கரைக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே உள்ள 21 தீவுகளைச் சேர்த்து 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா அறிவித்தார்கள். அவற்றில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டும் இன்று நீருக்கடியில். சுண்ணாம்புக்காகப் பவளக்கல்லை வண்டி வண்டியாக வெட்டி எடுத்ததில் தீவின் அரண் போய்விட்டது. 2001இல் கல் பவளங்கள், கரும்பவளம், கடல் விசிறி எல்லாம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன. புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு. அடுத்த ஆண்டிலிருந்து தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆய்வு நிறுவனத்தார் பவளக் கிளைகளைக் கடலடியில் நட்டு வருகிறார்கள். 2010இலும் 2016இலும் கடல் கொதித்து வெளிறியதில் பாதி உழைப்பைப் பறிகொடுத்த கடலில், மறுபடியும் மூழ்கி மறுபடியும் நடுகிற வேலை அது. இது நடக்கிற கரைக்கு எழுபது மைல் உள்ளே, சென்னையில், "நல்ல கல் பவளம் கிடைக்குமாண்ணே" என்று தேடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்று சொன்னால் வரைபடம் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். தூரம் அதைவிடப் பல மடங்கு. கரையிலிருந்து அவர்கள் இருக்கும் தூரத்தைத்தான் சொல்ல வருகிறேன். இந்தியாவில் வீட்டுத் தொட்டியில் கல் பவளம் வைப்பது ரசனை சம்பந்தப்பட்ட விஷயமே அல்ல, குற்றம். அங்கே இருந்து திட்டம் அனுப்பிக் கேட்பவர்களுக்கு என் பதில் ஒரு வரியில் முடிந்துவிடும்.

அறுபது நாள்

முடிவைப் பற்றிப் பேசுவோம். ஹவாய்க் கடலில் மஞ்சள் டாங் மீனின் காதுக்குள் இருக்கும் கல்லின் வளையங்களை எண்ணி வயது பார்த்திருக்கிறார்கள். நாற்பதைத் தாண்டியவை இருந்தன. கோமாளி மீன் நன்றாகப் பார்த்துக்கொண்டால் இருபது ஆண்டுக்கு மேல் இருக்கும். பவளத்துக்கு முதுமை என்று நாம் பொருள்கொள்ளும் எதுவும் கிடையாது. சூழல் சரியாக இருக்கும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும்.

இப்போது நம் ஆயுளைப் பார்ப்போம். உயிரைச் சொல்லவில்லை, விலாசத்தைச் சொல்கிறேன். எச்1பி விசாவில் இருப்பவர் வேலை இழந்தால் நாட்டில் இருக்க அதிகபட்சம் அறுபது நாள். அதற்குள் அடுத்த வேலை வேண்டும், இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டும். பச்சை அட்டைக்குப் பத்து ஆண்டுக்கு மேல் வரிசையில் நிற்கும் நம்மவர்கள் வீடு வாங்குகிறார்கள். புரிகிறது, வீட்டை விற்றுவிடலாம். அறுபது நாளில் நாலாயிரம் லிட்டர் கடலை யாரிடம் விற்பீர்கள்? வீட்டுத் தரகர் சொல்லும் முதல் வார்த்தை "இதை எடுத்துடுங்க" என்பதுதான். குடியுரிமை உள்ளவருக்கும் வேலை மாற்றம் உண்டு, விவாகரத்து உண்டு, முதுகுவலி உண்டு, ஊரில் அப்பாவுக்குப் பக்கவாதம் என்று வரும் தொலைபேசி உண்டு.

அமெரிக்கத் தொலைக்காட்சியில் 2011 முதல் 2018 வரை 'டாங்க்ட்' என்றொரு நிகழ்ச்சி ஓடியது. வாரா வாரம் யாருக்காவது பிரம்மாண்டமான தொட்டி கட்டிக் கொடுப்பார்கள். திரை விலகும், விளக்கு எரியும், வீட்டுக்காரர் வாயைப் பொத்திக்கொள்வார், அத்தியாயம் முடியும். ஐந்து ஆண்டு கழித்து அந்தத் தொட்டிகளைப் போய்ப் பார்ப்பது நிகழ்ச்சியின் வேலையாக இருந்ததில்லை. நம் திட்டங்களும் அந்த நிகழ்ச்சியின் வடிவத்தில்தான் இருக்கின்றன.

கைவிடப்பட்ட தொட்டியின் உயிர்கள் எங்கே போகும்? பெரும்பாலும் குப்பைக்கு. சிலர் கருணை மிகுந்து கடலில் விடுகிறார்கள். அது இன்னும் மோசம். இந்தோ பசிபிக்கைச் சேர்ந்த சிங்கமீன் 1985இல் ஃப்ளோரிடாக் கரையில் முதலில் கண்ணில் பட்டது. யாரோ வளர்த்து விட்டது என்பதே பொதுவான முடிவு. இன்று அது கரீபியன் கடல் முழுக்கப் பரவி, அங்குள்ள பவளத்திட்டுகளின் குஞ்சு மீன்களை விழுங்கிக்கொண்டிருக்கிறது. அங்கே அதைத் தின்னப் பழகிய மீன் கிடையாது. தொட்டிகளில் அழகுக்கு வளர்த்த கௌலெர்பா என்ற பாசி 1984இல் மொனாக்கோ அருங்காட்சியகத்தின் கீழே கடலடியில் காணப்பட்டு மத்தியதரைக் கடலில் ஆயிரக்கணக்கான ஹெக்டேர் பரவியது. நிறுவனத்தின் காலடியிலேயே இது நடந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. அதே பாசி 2000இல் கலிஃபோர்னியாவின் ஒரு காயலில் முளைத்தது. அதைப் பிடுங்கி முடிக்க ஆறு ஆண்டுகளும் எழுபது லட்சம் டாலருக்கு மேலும் ஆனது. யாரோ ஒருவர் தொட்டியைக் காலி செய்த ஒரு மாலையின் விலை அது.

ஒரு தாள்

"என் காசு, என் வீடு, உனக்கென்ன?" என்ற மூன்றாவது நியாயம் மட்டும் மிச்சம். காசும் வீடும் உங்களுடையவை. உள்ளே வரப்போகும் உயிர்கள் உங்களுடையவை அல்ல. இன்னொரு நாட்டின் கரையோரக் கிராமம் ஒன்றின் கடலிலிருந்து, பெரும்பாலும் மிகக் குறைந்த கூலிக்குப் பிடிக்கப்பட்டு வருபவை. ஆகவே கேட்கிறேன்.

பத்தடி வரைபடத்தை ஓரமாக வைத்துவிட்டு ஒரு வெள்ளைத் தாளை எடுங்கள். நீங்கள் ஒரு மாதம் ஊரில் இல்லாதபோது யார் பார்ப்பார் என்று பெயர் எழுதுங்கள். அவரிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள். மூன்று நாள் மின்சாரம் இல்லாவிட்டால் எது ஓடும் என்று எழுதுங்கள். வாங்கப்போகும் ஒவ்வொரு மீனுக்கும் நேராக அது பொரித்ததா, பிடித்ததா என்று எழுதுங்கள். அறுபது நாளில் காலி செய்ய வேண்டி வந்தால் மீன்களையும் பவளங்களையும் ஏற்றுக்கொள்ளச் சம்மதித்த இடங்களை எழுதுங்கள். அந்த இடத்தாரின் சம்மதத்தைக் கையில் வாங்குங்கள். எந்தப் பொதுக் காட்சியகமும் தெரியாதவர் வீட்டு மீனை எளிதில் வாங்கிக்கொள்ளாது என்பது அப்போது தெரியும். கடைசியாக, காலி செய்வதற்கான செலவைத் தனிக் கணக்கில் முதலிலேயே போட்டுவையுங்கள்.

தாள் நிறைந்துவிட்டால் கட்டுங்கள். நிறையாவிட்டால் முன்னூறு லிட்டருக்கு இறங்கி வாருங்கள். அங்கேயும் இதே தாளை நிரப்ப வேண்டும், ஆனால் அங்கே பதில்கள் உங்கள் கைக்கு எட்டும்: பக்கத்து வீட்டுப் பையன் பார்த்துக்கொள்வான், பேட்டரி தாங்கும், மீன்கள் பண்ணையில் பொரித்தவை, பவளத்தை நாலு நண்பர்கள் ஆளுக்கொரு வாளியில் எடுத்துப் போவார்கள். பங்காய் கார்டினல் ஜோடி வேண்டுமென்றால் சொல்லுங்கள். என்னிடம் குஞ்சுகள் இருக்கின்றன.